நாள் கூலி வீட்டுக்குத் தக்காஃபுல்: எதை வாங்குவது, எப்படி எழுதி வைப்பது

நான் தக்காஃபுல், அதாவது இஸ்லாமிய முறைக் காப்புறுதி, விற்கும் ஏஜண்ட் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தப் பேச்சை எடுத்தாலே எங்கள் ஆட்கள் "உங்களுக்கு எவ்வளவு கமிஷன் லாத்தா?" என்றுதான் கேட்பார்கள். மலேசியாவில், பினாங்கு ஜார்ஜ்டவுனில் சின்ன நாசி கண்டார் கடைகளுக்கும் ஒட்டுக்கடைகளுக்கும் கணக்கு எழுதுவது என் பிழைப்பு. சம்பளப் பட்டியல், பெர்கேசோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமநிதி) எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். அதனால் யாராவது மௌத்தாகிவிட்டால், அதாவது இறந்துவிட்டால், அவர் வீட்டுப் பேப்பர்களும் என் மேசைக்கு வந்து சேரும். பிளாஸ்டிக் பையில் மடித்து வைத்த சிஜில் (தக்காஃபுல் சான்றிதழ்), பாதியில் நின்றுபோன ரசீது, பெயர் எழுதாமல் விட்ட வாரிசு ஃபாரம்.

மலிவான தக்காஃபுல் கிடைப்பது இந்த நாட்டில் இப்போது பெரிய காரியமில்லை. ஆள் போன பிறகு அந்தப் பணம் முழுசாகவும் சீக்கிரமாகவும் வீட்டு அடுப்படி வரைக்கும் வந்து சேர்வதுதான் பெரிய காரியம். வாங்கும் அன்றே அதற்கான வேலையைச் செய்துவிட வேண்டும். பிறகு செய்ய முடியாது.

முதலில் கையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

புதிதாக எதையும் வாங்குவதற்கு முன்னால் ஏற்கெனவே இருக்கும் பாதுகாப்பை எண்ணிப் பாருங்கள். பெர்கேசோ தக்காஃபுல் இல்லை, சரிதான். ஆனால் கடையில் வேலை செய்யும் ஒருவருக்கு அதைவிட மலிவான பாதுகாப்பு வேறு கிடையாது. ஒரே ஒரு ஆளை வேலைக்கு வைத்திருந்தாலும் முதலாளி பெர்கேசோ கட்டியாக வேண்டும். "சின்னக் கடைதானே, எங்களுக்கு அது வராது" என்று சொல்லும் முதலாளிகள் இன்னும் இருக்கிறார்கள். வரும். ஊரிலிருந்து வந்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் வரும்: வேலையில் காயம்பட்டால் கிடைக்கும் பாதுகாப்பு 2019 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுத் தொழிலாளிகளுக்கும் பெர்கேசோவில்தான் இருக்கிறது. முடமாகிப் போனால் கிடைக்கும் திட்டமும் 2024 ஜூலையிலிருந்து அவர்களுக்கு உண்டு. சம்பளச் சீட்டில் பெர்கேசோ பிடித்தம் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். வரி இருந்தும் சந்தேகமாக இருந்தால் ஐசியை (அடையாள அட்டையை) எடுத்துக்கொண்டு பெர்கேசோ அலுவலகத்துக்கே போய்க் கேளுங்கள்.

சொந்தமாக மீ கோரெங் வண்டி, பசெம்போர் வண்டி வைத்திருப்பவர், கிராப் ஓட்டுபவர், சவ்ராஸ்தா மார்க்கெட்டில் துணி விற்பவர் போன்றவர்களுக்குச் சுயதொழில் செய்பவர்களுக்கான திட்டம் ஒன்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. அதன் ஆகக் குறைந்த சந்தா மாதம் 13 வெள்ளி (ரிங்கிட்) 10 காசு, வருடத்துக்கு 157 வெள்ளி 20 காசு. சில தொழில்களுக்கு அதிலும் பெரும்பகுதியை அரசாங்கம் கட்டியிருக்கிறது, உங்கள் தொழில் அதில் சேருமா என்று கேட்டுவிடுங்கள். வீட்டில் இருக்கும் பெண்களுக்கு இல்லத்தரசிகளுக்கான திட்டம் 2022 டிசம்பரில் வந்தது, வருடத்துக்கு 120 வெள்ளி. வீட்டு வேலை செய்யும்போது விழுந்து அடிபட்டாலும், உடல்நிலை கெட்டு நிரந்தரமாக முடியாமல் போனாலும் அது உதவும். வீட்டுக்காரரிடம் கேட்டுக் கட்டச் சொல்லுங்கள். கேட்காமல் எந்த வீட்டுக்காரரும் கட்டி நான் பார்த்ததில்லை.

இபிஎஃப் உறுப்பினர் 60 வயதுக்குள் இறந்தால் குடும்பத்துக்கு 2,500 வெள்ளி மரண உதவி உண்டு. அதை விண்ணப்பித்துத்தான் வாங்க வேண்டும், தானாக வராது.

அப்புறம் நம் ஜமாஅத் கைராத், அதாவது பள்ளிவாசல் மக்கள் சேர்ந்து நடத்தும் அடக்கச் செலவு நிதி. வருடத்துக்கு ஒரு சின்னத் தொகை கட்டினால் கஃபன் துணி, குளிப்பாட்டுவது, கபுர் வெட்டுவது, ஜனாஸா வண்டி எல்லாம் அவர்களே பார்த்துக்கொள்கிறார்கள். இதைவிட நல்ல ஏற்பாடு இருக்க முடியாது, தயவுசெய்து இதை நிறுத்தாதீர்கள். ஆனால் கைராத்தின் வேலை அடக்கத்தோடு முடிந்துவிடுகிறது. நாற்பதாம் நாளுக்குப் பிறகு வரும் வாடகைக்கும் பள்ளிக்கூடப் பஸ்ஸுக்கும் அதில் எதுவும் இல்லை. தக்காஃபுல் வேண்டியது அந்த இடத்துக்குத்தான்.

எதற்கு வாங்குவது

இங்கே என் அபிப்பிராயம் ஏஜண்டுகளின் அபிப்பிராயத்துக்கு நேர் எதிர். அவர்கள் எடுத்ததும் ஆஸ்பத்திரிச் செலவைக் கட்டும் மெடிக்கல் கார்டைத்தான் நீட்டுவார்கள். குறைந்த வருமானக் குடும்பத்துக்கு அது முதல் தேவை இல்லை என்பது என் கருத்து. பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியில் குடிமக்கள் வெளிநோயாளியாகப் போனால் 1 வெள்ளி, ஸ்பெஷலிஸ்டைப் பார்க்க 5 வெள்ளி, மூன்றாம் வகுப்பு வார்டு ஒரு நாளைக்கு 3 வெள்ளி. காத்திருக்க வேண்டும், நாற்காலி கிடைக்காது, எல்லாம் உண்மை. ஆனால் பில்லைப் பார்த்து வீடு கவிழ்வதில்லை. சம்பாதிக்கிற கை நின்றால்தான் வீடு கவிழ்கிறது. மெடிக்கல் கார்டின் மாதக் கட்டணம் வயதோடு ஏறிக்கொண்டே போகும், அது போதாதென்று எல்லாருக்கும் சேர்த்தும் ஏற்றுவார்கள். 2024 கடைசியில் அந்த ஏற்றம் தாங்க முடியாமல் போய், உயர்வை மூன்று வருடத்துக்குக் குறையாமல் பரப்பி வசூலிக்க வேண்டும் என்று மத்திய வங்கியான பேங்க் நெகாரா தலையிட வேண்டியதாயிற்று. கட்ட முடியாமல் ஐம்பது வயதில் கைவிட்டால், அதுவரை கட்டியது அதுவரைக்கும்தான். நோய் வரும் வயதில் கார்டு இருக்காது.

ஆகவே என் வரிசை இது. முதலில் சம்பாதிப்பவரின் மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும். அடுத்து, கடும் நோய் வந்தால் மொத்தமாக ஒரு தொகை கொடுப்பது, அல்லது ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு இவ்வளவு என்று கொடுப்பது. குறைந்த வருமானக்காரர்களுக்கான இலவசப் பாதுகாப்பான மைசலாம் திட்டத்தை 2019-இல் தொடங்கியபோது அரசாங்க ஆஸ்பத்திரியில் தங்கும் ஒவ்வொரு நாளுக்கும் 50 வெள்ளி வைத்தார்களே, அதன் கணக்கு எனக்குப் பிடித்திருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டணத்துக்காக வைத்த தொகை இல்லை அது, அன்றைக்குப் போன கூலிக்காக வைத்தது. இந்த இரண்டுக்கும் பிறகு காசு மிஞ்சினால் மெடிக்கல் கார்டைப் பற்றி யோசிக்கலாம்.

எவ்வளவுக்கு வாங்குவது? பத்து வருட வருமானம் என்று ஏஜண்ட் கணக்குப் போட்டுக் காட்டுவார். அந்தத் தொகையைப் பார்த்ததும் நம் ஆள் பயந்து ஒன்றுமே வாங்காமல் எழுந்து வந்துவிடுவார். நான் சொல்வது ஒரு வருடச் செலவும் கடனும். ஒரு மீ கோரெங் வண்டிக்காரர் வீட்டில் வாடகை, சாப்பாடு, பிள்ளைகள் செலவு சேர்த்து மாதம் 1,800 வெள்ளி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதத்துக்கு 21,600. மோட்டார் சைக்கிள் கடன் 4,000. மொத்தம் 25,600. அந்த அளவுக்கு முதலில் வாங்குங்கள். அந்த ஒரு வருடம் கிடைத்தால் வீட்டுக்காரம்மா தையலோ, குவே (பலகாரம்) வியாபாரமோ, கடை வேலையோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்வாள். இத்தா (கணவனை இழந்தவள் அனுசரிக்கும் காலம்) முடிவதற்குள் வேலை தேடி ஓட வேண்டிய நிலை வரக்கூடாது, அவ்வளவுதான் குறி.

"இது ஹலால்தானா?"

இன்ஷூரன்ஸ் விஷயத்தில் இந்தக் கேள்வி நியாயமானது. 1972-லேயே தேசிய ஃபத்வா குழு சாதாரண ஆயுள் காப்புறுதியைக் கூடாது என்று சொல்லிவிட்டது. வட்டி, நிச்சயமில்லாத வியாபாரம், சூதாட்டத்தின் சாயல் என்ற மூன்றும் அதில் இருந்தன. அதனால்தான் 1984-இல் தக்காஃபுலுக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள், அடுத்த வருடமே சியாரிகாட் தக்காஃபுல் மலேசியா வேலையைத் தொடங்கியது. இப்போது 2013-ஆம் ஆண்டு இஸ்லாமிய நிதிச் சேவைச் சட்டத்தின் கீழ் எல்லாக் கம்பெனிகளும் ஷரியா குழு வைத்து நடத்துகின்றன.

உள்ளே நடப்பது நம் கைராத் உண்டியல் போலத்தான், பெரிய அளவில். நீங்கள் கட்டுவதில் ஒரு பகுதியைத் தபர்ரு என்ற நிய்யத்தில், அதாவது ஒருவருக்கொருவர் உதவும் தானமாக, ஒரு பொது நிதியில் போடுகிறீர்கள். யாருக்குக் கஷ்டம் வருகிறதோ அவருக்கு அந்த நிதியிலிருந்து போகிறது. நிதி கம்பெனியின் சொத்து இல்லை. அதை நடத்திக் கொடுப்பதற்குக் கம்பெனி வகாலா கட்டணம் என்று கூலி எடுத்துக்கொள்கிறது. நிதியில் பற்றாக்குறை வந்தால் கம்பெனி வட்டியில்லாக் கடனாகப் போட்டு நிரப்ப வேண்டும். வருடக் கடைசியில் மீதி இருந்தால் பங்கு வரலாம், வராமலும் போகலாம். "வருஷா வருஷம் போனஸ் மாதிரி வரும் அக்கா" என்று ஏஜண்ட் சொன்னால் அந்தப் பகுதியை மட்டும் காதில் வாங்காதீர்கள்.

"எல்லாம் அல்லாஹ் விட்ட வழி, இது எதற்கு?" என்று கேட்கும் பெரியவர்களிடம் நான் வாதம் செய்வதில்லை. அவர்கள் கடையில் தீயணைப்புச் சிலிண்டர் தொங்கும், அதைக் கொஞ்சம் பார்ப்பேன், சிரித்துவிடுவார்கள்.

ஏற்கெனவே சாதாரண இன்ஷூரன்ஸ் வைத்திருப்பவர்கள் மனசாட்சி உறுத்தி மறுநாளே அதை ரத்து செய்யப் போவார்கள். அவசரம் வேண்டாம். மார்க்க விஷயத்தை உங்கள் உஸ்தாதிடம் கேளுங்கள். பேப்பர் விஷயமாக நான் சொல்வது இதுதான்: புதியது கையில் வந்து, காத்திருப்புக் காலம் முடிந்த பிறகு பழையதை விடுங்கள். நடுவில் வெறுங்கையோடு நிற்காதீர்கள், அதுவும் சர்க்கரையோ பிரஷரோ வந்த பிறகு.

வாங்கும்போது

கம்பெனி பெயர் எதுவாக இருந்தாலும் "பெர்லிண்டுங்கான் தெனாங்" என்ற வகை இருக்கிறதா என்று கேளுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்காக 2017-இல் பேங்க் நெகாரா தொடங்கி வைத்த முத்திரை இது. விலை குறைவு, பேப்பர் குறைவு, புரிகிற மொழி என்பது அதன் நிபந்தனை. அரசாங்கம் 2021-இல் இதை வாங்குவதற்கென்றே பி40 என்ற குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 50 வெள்ளி வவுச்சர் கொடுத்தது, பிறகு அதை 75 ஆக்கியது. ஒரு வருடத்துக்கு அந்தத் தொகைக்குள்ளேயே அடங்கும் திட்டங்களைக் கம்பெனிகள் போட்டன. ஒரு வீட்டுக்கு வேண்டியது அந்த அளவில் கிடைக்கும் என்பதற்கு இதைச் சொல்கிறேன், மாதம் 200, 300 வெள்ளியில் தொடங்க வேண்டிய அவசியமில்லை.

இபிஎஃப்பில் பணம் இருக்கிறது, கையில் இல்லை என்றால் 2022-இல் வந்த ஐ-லிண்டுங் வழியாக அந்தக் கணக்கிலிருந்தே உயிருக்கும் கடும் நோய்க்கும் பாதுகாப்பு வாங்கலாம், அதிலும் தக்காஃபுல் உண்டு. கைக்காசு போகாது. நான் அதைக் கடையில் வேலை செய்யும் இளைஞர்களுக்கு அடிக்கடி சொல்வேன். கேட்பவர்கள் கல்யாணமானவர்கள் மட்டும்தான்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை சில. சாதாரண மரணத்துக்கும் கொடுக்கிறார்களா, விபத்து மரணத்துக்கு மட்டுமா? மலிவு என்று காட்டுவதில் பாதி விபத்துக்கு மட்டும் உள்ளதாக இருக்கும். நம் ஆட்கள் போவது பெரும்பாலும் மாரடைப்பில், லாரியில் அடிபட்டு இல்லை. எந்த வயது வரைக்கும் சேரலாம், எந்த வயதில் நிற்கும்? காத்திருப்புக் காலம் எத்தனை நாள்? நோய் சம்பந்தமான திட்டங்களில் பொதுவாக முதல் 30 நாட்களுக்குள் வரும் நோய்க்குக் கொடுக்க மாட்டார்கள், மெடிக்கல் கார்டில் சில நோய்களுக்கு 120 நாள். வருடா வருடம் தானாகப் புதுப்பிக்குமா, நாம் போய்ப் புதுப்பிக்க வேண்டுமா? கையெழுத்துப் போட்டு சிஜில் வந்த பிறகு மனம் மாறினால் 15 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். குடும்பத் தக்காஃபுல் என்ற நீண்டகால வகைக்கு இது உண்டு. இதை விற்பவர் சொல்வது அபூர்வம்.

உடல்நிலைக் கேள்விகள் இருந்தால் உண்மையை எழுதுங்கள். இதில்தான் நம் ஆட்கள் வழுக்குகிறார்கள். தலைமுறையாக நாசி கண்டாரும் தே தாரிக்கும் சாப்பிட்ட சமூகம், சர்க்கரை இல்லாத வீடு எங்கே இருக்கிறது? "இல்லை என்று போட்டுவிடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்" என்று சொல்லும் ஏஜண்ட் உங்கள் நண்பர் இல்லை. மௌத்தான பிறகு ஆஸ்பத்திரி ரெக்கார்டைக் கேட்பார்கள், அங்கே பத்து வருடமாக மெட்ஃபார்மின் வாங்கியது எழுதியிருக்கும். ஏஜண்டே ஃபாரத்தை நிரப்பினாலும் கையெழுத்து உங்களுடையது, பதிலும் உங்களுடையது. சர்க்கரை இருக்கிறது என்று சொன்னால் கட்டணம் கொஞ்சம் கூடலாம், சில கம்பெனிகள் மறுக்கலாம். அப்படியானால் உடல்நிலைக் கேள்வி கேட்காத சின்னத் திட்டத்தைத் தேடுங்கள், தெனாங் வகையில் அப்படியும் இருக்கிறது. அதிலும் ஏற்கெனவே உள்ள நோயால் இறந்தால் கொடுப்பார்களா என்ற வரியை மட்டும் படித்துவிடுங்கள்.

பணம் கட்டுவது கம்பெனியின் பெயரில் உள்ள கணக்குக்கு மட்டும். ஏஜண்டின் சொந்தக் கணக்குக்கு வேண்டாம், கையில் ரொக்கமாகவும் வேண்டாம். எங்கள் பக்கத்து ஃபிளாட்டில் ஒரு அக்கா மாதாமாதம் ஏஜண்டிடம் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார், பழகிய முகம், ரசீது கேட்கக் கூச்சம். கம்பெனியில் விசாரித்தபோது சிஜில் எப்போதோ காலாவதியாகி இருந்தது. நாள் கூலிக்காரர்களுக்கு மாதாமாதம் கட்டுவது ஒத்துவராது என்பது என் அனுபவம். ஒரு மாதம் விடுவார்கள், பிறகு இரண்டாகும். வருடத்துக்கு ஒரே தவணையாகக் கட்டும் திட்டமாகப் பார்த்து, நோன்புப் பெருநாளுக்கு முன் கையில் காசு புரளும் நேரத்தில் கட்டிவிடுங்கள். ரமலான் பஸார் போடுபவர்களுக்கு இது ரொம்பச் சௌகரியம்.

வாரிசு ஃபாரம்: இதற்குத்தான் இவ்வளவும்

இந்தப் பகுதியை மட்டும் படித்தாலும் போதும். தக்காஃபுல் ஃபாரத்தில் பெனாமா என்று, அதாவது பணத்தைப் பெறுபவர் பெயர் எழுத ஓர் இடம் இருக்கும். அதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று வசி, அதாவது நிர்வாகி. மற்றது நிபந்தனையுள்ள ஹிபா, அதாவது என் மௌத்துக்குப் பிறகு இது அவருக்கு என்று கொடுத்துவிடுவது. எந்தக் கட்டத்தில் டிக் அடிக்கிறீர்கள் என்பதுதான் எல்லாம்.

வசி என்று போட்டால் அவர் பணத்தை வாங்குவார், ஆனால் அது அவருடையது இல்லை. கடனை அடைத்து, மீதியை ஃபராயித் என்ற இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி வாரிசுகளுக்குப் பங்கு வைக்கும் பொறுப்பு மட்டும் அவருக்கு. ஹிபா என்று போட்டால் பணம் அவருக்கே சொந்தம். இறந்தவரின் சொத்தில் அது சேராது, அவருடைய கடனுக்கும் அதைப் பிடிக்க முடியாது. 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பத்தாவது அட்டவணையில் இது தெளிவாக இருக்கிறது.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். ஒருவர் மனைவியையும் இரண்டு பெண் பிள்ளைகளையும் ஒரு தம்பியையும் விட்டுவிட்டு மௌத்தாகிறார், தாய் தந்தை முன்பே போய்விட்டார்கள். ஃபராயித்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு, பெண் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு, மீதி தம்பிக்கு. 24,000 வெள்ளி என்றால் மனைவிக்கு 3,000, பிள்ளைகளுக்கு 16,000, தம்பிக்கு 5,000. ஃபராயித் அல்லாஹ் வகுத்த பங்கு, அதில் குறை சொல்ல நான் யார். தம்பிக்கு அந்தப் பங்கோடு அண்ணன் பிள்ளைகளைப் பார்க்கும் கடமையும் சேர்ந்துதான் வருகிறது. ஆனால் அந்தத் தம்பி கடையநல்லூரில் இருக்கிறார், இங்கே வாடகை முதல் தேதியன்று கட்ட வேண்டும். இந்தப் பணம் வீட்டுச் செலவுக்கென்று எடுத்தது என்றால், உயிரோடு இருக்கும்போதே மனைவிக்கு ஹிபாவாக எழுதி வைப்பதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது, ஷரியா குழுக்களும் இடம் கொடுக்கின்றன. மற்ற சொத்துகள் ஃபராயித் வழியே போகட்டும்.

இபிஎஃப்பில் பெயர் போட்டிருக்கிறோமே என்று நிறையப் பேர் திருப்தியாக இருப்பார்கள். முஸ்லிம்களுக்கு அங்கே போடும் பெயர் வசி மட்டும்தான். சாதாரண இன்ஷூரன்ஸிலும் அப்படியே. ஹிபாவாகக் கொடுக்கும் வசதி தக்காஃபுலில் இருக்கிறது, சின்னத் திட்டமாக இருந்தாலும் அதை விடாமல் பிடிக்கச் சொல்வது இதற்காகத்தான்.

பெயர் எழுதுபவருக்கு 16 வயது நிரம்பியிருக்க வேண்டும். சாட்சி ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும், 18 வயதுக்கு மேற்பட்டவர், அவர் பெயரே பணம் பெறுபவராக இருக்கக் கூடாது. மனைவிக்கு எழுதும் ஃபாரத்தில் மனைவியையே சாட்சியாக வைத்துக் கொண்டுவருகிறார்கள், அது செல்லாது. பெயரை ஐசியில் இருக்கிறபடி எழுதுங்கள். வீட்டில் கூப்பிடும் பெயர், ஊர்ப் பெயர், ராவுத்தர், மரைக்காயர் எல்லாம் ஐசியில் இருந்தால்தான் ஃபாரத்திலும் வர வேண்டும். ஐசியில் ஒரு எழுத்து, நிக்காஹ் சான்றிதழில் வேறு எழுத்து என்று இருப்பது நம்மிடம் சகஜம், அதை இப்போதே தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் கேட்டுச் சரி செய்துகொள்வது நல்லது.

சின்னப் பிள்ளைகள் பெயரில் எழுதினால் பணம் நேராக வீட்டுக்கு வராது, பொறுப்பாளர் ஒருவர் வழியாகத்தான் வரும். தாய் பெயரில் எழுதுவது எளிது. எழுதிய பெயர் தானாக மாறாது என்பதையும் மறக்காதீர்கள். தலாக் ஆனாலும் பழைய மனைவி பெயர் அங்கேயே இருக்கும், இரண்டாம் நிக்காஹ் செய்தாலும் புதிய மனைவி பெயர் தானாக ஏறாது. உயில் எழுதி மாற்ற முடியாது, கம்பெனிக்கு எழுத்தில் கொடுத்துத்தான் மாற்ற முடியும். பெயர் போட்டவர் உங்களுக்கு முன்பே மௌத்தாகிவிட்டால் உடனே வேறு ஃபாரம் நிரப்புங்கள்.

யார் பெயரும் இல்லாமல் விட்டால் என்ன ஆகும்? பணம் வரும், ஆனால் அதற்கு முன்னால் ஷரியா கோர்ட்டில் ஃபராயித் சான்றிதழ், சொத்து நிர்வாக நிறுவனமான அமானா ராயா, எல்லா வாரிசுகளின் கையெழுத்து என்று ஒரு சுற்று சுற்ற வேண்டும். வாரிசு ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தால் அந்தச் சுற்று இன்னும் நீளும்.

ஜமாஅத்தாகச் சேர்ந்து வாங்குவது

ஒரு சுராவ் (சின்னத் தொழுகையிடம்), ஒரு கடைக்காரர் சங்கம், ஒரு ஃபிளாட் கைராத் குழு ஆகியவை உறுப்பினர் எல்லாருக்கும் சேர்த்துக் குழுத் தக்காஃபுல் எடுக்கலாம். தலைக்கு விலை குறையும், வயதானவர்களும் சில சமயம் உள்ளே வந்துவிடுவார்கள். பெயர்ப் பட்டியலை வருடா வருடம் யார் புதுப்பிப்பது, பணம் சங்கத்தின் கணக்குக்கு வருமா நேராகக் குடும்பத்துக்கா, உறுப்பினர் ஒருவர் சங்கத்தைவிட்டுப் போனால் பாதுகாப்பு அன்றே நிற்குமா என்ற இந்த மூன்றையும் கூட்டக் குறிப்பில் எழுதி வையுங்கள். வாய்ப்பேச்சாக விட்டால், முதல் மௌத்தின்போதே செயலாளருக்கும் பொருளாளருக்கும் முட்டிக்கொள்ளும்.

பணம் கேட்கும்போது

சிஜில், ஐசி நகல், வாரிசு ஃபாரத்தின் நகல் மூன்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். இருக்கும் இடம் வீட்டில் இன்னொருவருக்கும் தெரிய வேண்டும். படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டால் இன்னும் நல்லது. மரணத்துக்குப் பிறகு ஜேபிஎன் கொடுக்கும் மரணச் சான்றிதழ், பணம் பெறுபவரின் ஐசி, உறவைக் காட்டும் நிக்காஹ் சான்றிதழ் அல்லது பிறப்புச் சான்றிதழ், பேங்க் கணக்கு விவரம், கம்பெனியின் கிளெய்ம் ஃபாரம். விபத்து என்றால் போலீஸ் ரிப்போர்ட்டும் கேட்பார்கள். எதைக் கொடுத்தாலும் நகல் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டதற்கு முத்திரை போட்ட தாள் கேளுங்கள். ஏஜண்ட் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றாலும் கம்பெனியின் கவுண்டருக்கு ஒருமுறை நேரில் போய்வாருங்கள்.

கம்பெனியே மூழ்கிவிட்டால் என்ன செய்வது என்று ஒருவர் கேட்டார், நல்ல கேள்விதான். பிஐடிஎம் என்ற அரசு அமைப்பு தக்காஃபுல் பலன்களுக்கும் பொறுப்பு ஏற்கிறது, மரணப் பலனுக்கு 5 லட்சம் வெள்ளி வரைக்கும். நம் சின்னத் திட்டங்கள் அதற்குள் தாராளமாக அடங்கும். அதற்கென்று நீங்கள் தனியாக எதுவும் கட்ட வேண்டாம்.

கிளெய்மை மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். ஃபோனில் சொன்னது போதாது. முதலில் அந்தக் கம்பெனியின் புகார்ப் பிரிவுக்கே எழுத வேண்டும். அவர்களின் இறுதிப் பதில் உங்களுக்குச் சரியாகப் படவில்லை என்றால், அது கைக்கு வந்த 6 மாதத்துக்குள் நிதிச் சந்தை ஓம்பட்ஸ்மன் சேவையிடம் போகலாம். 2025 ஜனவரியிலிருந்து எஃப்எம்ஓஎஸ் என்ற பெயரில் நடக்கிறது. கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அடித்துக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று. உங்கள் அத்தாவோ வாப்பாவோ எப்போதோ ஏதோ கட்டிக்கொண்டிருந்தார், பேப்பர் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடாதீர்கள். யாரும் கேட்காமல் கிடக்கும் பணம் கணக்காளர் நாயகம் அலுவலகத்துக்குப் போய்ச் சேர்கிறது. ஈகுமிஸ் என்ற இணையப் பக்கத்தில் அவர் ஐசி எண்ணைப் போட்டுத் தேடலாம். பழைய ஐசி எண் தெரிந்தால் அதையும் போட்டுப் பாருங்கள், அந்தக் காலத்துப் பேப்பர்கள் அந்த எண்ணில்தான் இருக்கும்.